பாயில் யார் பேர் இருக்கு? பத்தமடைக் கோரையும் நார்க்கலையின் கதையும்

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் வெட்டியிருக்கிறோம்.)

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். என் ஊர் புளியங்குடின்னு ரொம்ப நாளா கேட்கிறவங்களுக்குத் தெரியும். தென்காசியில இருந்து ராஜபாளையம் போற ரோட்டுல, மேற்கே மலை, ரோட்டோரம் எலுமிச்சை மூட்டை, அதுதான் எங்க ஊர். வீட்டுக்கு வெள்ளை அடிக்கணும்னு பரண்ல இருந்த சாமானை எல்லாம் இறக்கினோம். பித்தளை அண்டா, உடைஞ்ச ரேடியோ, அதுக்கு அடியில பழைய வேட்டியில சுத்தின நீளமான ஏதோ ஒண்ணு. பிரிச்சுப் பார்த்தா பாய்.

நாம தரையில விரிச்சுப் படுக்கிற பாய் மாதிரி இல்லை. கையில எடுத்தா துணி மாதிரி வளைஞ்சு விழுது. ரெண்டு பக்கமும் கரை, நடுவுல தாத்தா பேரும் ஆச்சி பேரும் கருஞ்சிவப்புல. பேரை எழுதலை, நெய்திருக்காங்க. அவங்க கல்யாணத்துக்காகப் பத்தமடையில சொல்லி வாங்கின பாய் அது.

அதுல ஒரு சின்ன விஷயம். ஆச்சி பேர் ‘அம்மாள்’னு முடியும். பாயில கடைசி எழுத்துக்கு மேல புள்ளி இல்லை. ‘அம்மாள’ன்னு அந்தரத்துல நிக்குது. அம்மாகிட்ட காட்டினேன். “அதை ஏன் கேட்கிற, உங்க ஆச்சி இருந்த வரைக்கும் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க. நெய்தவ என் புள்ளியை முழுங்கிட்டான்னு.”

“நெய்தவங்க யாரு?”

“அது யாருக்குத் தெரியும்?”

இந்த எபிசோட் அந்தக் கேள்வியைப் பத்தினது. ஆனா நேரா பத்தமடைக்குப் போக முடியாது. கொஞ்சம் சுத்திதான் போகணும்.

நமக்கு ஏன் ஃபெல்ட் இல்லை?

பொங்கல் லீவுக்கு ஒரு மாசம் முன்னாடி, சென்னையில ஆபீஸ் தோழி ஒருத்தி ஃபெல்ட் கலை வகுப்புக்குப் போயிட்டு வந்தா. கம்பளி ரோமத்தை வெச்சு, ஊசியால குத்திக் குத்தி, சின்னச் சின்ன பறவை, காடு, முகம் எல்லாம் செய்யறாங்க. பார்க்க நல்லா இருந்தது. “இதெல்லாம் நம்ம ஊர்ல ஏன் இல்லை?”ன்னு கேட்டா. எனக்குப் பதில் தெரியலை. அப்புறம் தேடிப் படிச்சேன்.

ஃபெல்ட்ங்கிறது நெய்யாத துணி. தறி வேண்டாம், நூல் வேண்டாம். ஆட்டு ரோமத்தை மைக்ராஸ்கோப்புல பார்த்தா மேல மீன் செதில் மாதிரி அடுக்கு இருக்கும். சுடு தண்ணியும் சோப்பும் விட்டுத் தேய்ச்சா அந்தச் செதில்கள் ஒண்ணோட ஒண்ணு மாட்டிக்கும். ஒரு தடவை மாட்டிக்கிட்டா திரும்பப் பிரிக்க முடியாது. கம்பளி ஸ்வெட்டரை வாஷிங் மெஷின்ல போட்டுக் குழந்தை சைஸுக்கு ஆக்கினவங்க யாராவது இருந்தா, நீங்க ஏற்கனவே ஃபெல்ட் செஞ்சிருக்கீங்க.

ஆடு மேய்ச்சு ஊர் ஊரா நகர்ந்த மக்களுக்கு இது பெரிய வரம். தறியைத் தூக்கிக்கிட்டுக் குதிரையில போக முடியாது. கம்பளியை நனைச்சு உருட்டி எங்க வேணா ஃபெல்ட் செய்யலாம். கூடாரம், சேணம், தொப்பி எல்லாம் அதுலதான். கலையும் அதுலதான் வந்தது. சைபீரியாவோட தெற்குப் பக்கத்துல அல்தாய் மலையில பாசிரிக்னு ஒரு இடம். அங்க உறைபனிக்குள்ள இருந்த கல்லறைகளை 1929-லயும் பிறகு 1940-களின் கடைசியிலயும் தோண்டினாங்க. செர்கெய் ருதென்கோங்கிற ஆய்வாளர் எழுதின பதிவு இருக்கு. கிடைச்சதுல ஒண்ணு சுவர் அளவுக்குப் பெரிய ஃபெல்ட் திரை. அதுல ஒரு தெய்வம் உட்கார்ந்திருக்கு, முன்னாடி குதிரை வீரன் நிக்கறான். இன்னொண்ணு, ஃபெல்ட்ல செஞ்சு உள்ள அடைச்ச அன்னப்பறவை. ரெண்டாயிரம் வருஷத்துக்கும் மேல பழசு, நிறம்கூட போகலை. இப்போ ரஷ்யாவுல செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ஹெர்மிடாஜ் மியூசியத்துல இருக்கு.

இந்தியாவுல காஷ்மீர்ல நம்தான்னு ஃபெல்ட் விரிப்பு செய்யறாங்க, மேல பூ வேலைப்பாடோட. தெற்கே வர வர அது குறைஞ்சுடுது. காரணம் ஆடுதான். எங்க பக்கத்துக் கரிசல் காட்டுல மேயற வேம்பூர் ஆடு, கீழக்கரிசல் ஆடு எல்லாம் வெயில் தாங்கற ஆடு. உடம்புல கம்பளி கிடையாது, குட்டையான முடிதான். அதை எவ்வளவு தேய்ச்சாலும் ஃபெல்ட் ஆகாது. கோயம்புத்தூர்ப் பக்கத்து குறும்பை ஆட்டுல முரட்டுக் கம்பளி உண்டு, அதை நூலாக்கிப் போர்வை நெய்தாங்க. ஆனா தாமிரபரணிக் கரையில கம்பளிக்கு என்ன வேலை? இங்க ராத்திரி தூங்கறதுக்கு வேண்டியது சூடு இல்லை, குளிர்ச்சி.

அதனால தோழியோட கேள்வியை நான் இப்படி மாத்திக்கிட்டேன். ஃபெல்ட் செஞ்ச மக்கள் கம்பளியில சொன்னதை, நம்ம மக்கள் எதுல சொன்னாங்க?

கோரையில ஒரு பிள்ளை

பருத்தி, பனையோலை, தென்னை நார், வாழை நார், கோரை. நம்ம லிஸ்ட் இதுதான். பிரச்சனை என்னன்னா இதெல்லாம் மக்கிப் போற பொருள். அல்தாயில பனி காப்பாத்தின மாதிரி நம்ம மண்ணு காப்பாத்தாது. கரையானும் மழையும் போதும். கீழடியில நூல் நூற்கிற தக்களிகள் கிடைச்சிருக்கு. தக்களி மண்ணு, அதனால நின்னுச்சு. அதுல நூத்த நூலுக்கு என்ன ஆச்சுன்னு நமக்குத் தெரியும்.

பொருள் போனாலும் சொல் போகலை. சங்க இலக்கியத்துல ‘பைஞ்சாய்ப் பாவை’ன்னு ஒண்ணு வரும். சாய்ங்கிறது கோரை. பச்சைக் கோரையைக் கிழிச்சுப் பின்னி பெண் பிள்ளைகள் செய்யற பொம்மை. ஐங்குறுநூறுல 155-வது பாட்டுல ஒருத்தி, தான் பெத்தது பைஞ்சாய்ப் பாவையைத்தான்னு சொல்லுவா. பிள்ளை இல்லாத இடத்துல பொம்மை. விளையாட்டாவும் எடுத்துக்கலாம், குத்திக்காட்டறதாவும் எடுத்துக்கலாம். எனக்கு அதைப் படிச்சப்போ கொஞ்சம் தொண்டை அடைச்சது.

நார்க்கலைன்னு இன்னைக்கு நாம சொல்ற விஷயம் அதுதானே. கையில இருக்கிற புல்லை எடுத்து, வாயால சொல்ல முடியாத ஒண்ணை அதை வெச்சுச் சொல்றது. தமிழ்ல அதுக்கு நமக்குக் கிடைக்கிற ரொம்பப் பழைய சாட்சிகள்ல ஒண்ணு கோரைப் பொம்மை. அந்தக் கோரையோட நெருங்கிய சொந்தம்தான் பாய் நெய்யற கோரையும். இப்போ பத்தமடைக்குப் போகலாம்.

ஆத்துல ஊறின புல்

புளியங்குடியில இருந்து தென்காசி, அங்கிருந்து அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், சேரன்மகாதேவி, அதைத் தாண்டினா பத்தமடை. ரிஷிகேஷ்ல தெய்வீக வாழ்க்கை சங்கத்தை ஆரம்பிச்ச சுவாமி சிவானந்தர் 1887-ல பிறந்த ஊர்னு சிலருக்குத் தெரிஞ்சிருக்கும். மத்தவங்க எல்லாருக்கும் பாய் ஊர். 2019 நவம்பர்ல தென்காசி தனி மாவட்டம் ஆனதும் நாங்க வேற மாவட்டம், அவங்க திருநெல்வேலி. கல்யாணப் பாய் வாங்கறதுக்கு யாரும் மாவட்ட எல்லை பார்க்கறதில்லை.

பாய் நெய்யறவங்க பெரும்பாலும் லெப்பை முஸ்லிம் குடும்பங்கள். தறியில உட்கார்றவங்க பெரும்பாலும் பெண்கள். வீட்டுக்குள்ள, முன் அறையில, சமையலுக்கும் பிள்ளை பள்ளிக்கூடம் போறதுக்கும் நடுவுல நடக்கிற வேலை.

செய்முறையைச் சொல்றேன், ஏன்னா இதுலதான் விஷயம் இருக்கு. கோரை ஆத்தோரம், வாய்க்கால் ஓரம், ஈரமான இடத்துல வளர்றது. பச்சையா அறுத்து, பச்சையாவே கீறி, வெயில்ல காயப் போடுவாங்க. சாதாரணப் பாய்க்கு அது போதும். நயமான பாய்க்கு, காய்ஞ்ச கோரையைக் கட்டா கட்டி ஓடற தண்ணியில நாள் கணக்கில ஊறப் போடுவாங்க. தாமிரபரணித் தண்ணியில ஊறினாத்தான் அந்தப் பதம் வரும்னு ஊர்ல சொல்லுவாங்க. ஊறி ஊறி உப்பும். அதை எடுத்து உள்ள இருக்கிற சோத்தை வழிச்செடுத்து, தோலை மட்டும் திரும்பக் கீறுவாங்க. கீறினதையே மறுபடி கீறுவாங்க. கடைசியில தலைமுடி மாதிரி ஒரு இழை வரும். ஆத்துத் தண்ணியும் ஒரு கத்தியும் ஒரு கட்டை விரலும்தான் மொத்த மெஷின்.

நெய்யும்போது பாவு பருத்தி நூல், ரொம்ப உசத்தியான பாய்க்குப் பட்டு நூல். ஊடை கோரை. தறி தரையோட தரையா படுத்திருக்கும். நாடா கிடையாது. ஒரு நீளக் குச்சியில கோரையை மாட்டி, இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கம் தள்ளணும். அடுத்தது எதிர்ப் பக்கத்துல இருந்து. ஒவ்வொரு இழைக்கும் அச்சை இழுத்து நெருக்கணும். கோரை நூல் மாதிரி கிலோமீட்டர் கணக்கில சுத்தி வர்றது இல்லை, ஒரு புல்லோட நீளம்தான் அதோட நீளம். அதனால ஒவ்வொரு வரியும் தனித்தனியா கை வைக்கிற வரி. நல்ல பாய் ஒண்ணு முடிய வாரக் கணக்கு ஆகும்.

நயத்தை அளக்கிறதுக்கு ‘கவுண்ட்’னு ஒரு கணக்கு சொல்றாங்க. குறிப்பிட்ட அகலத்துல எத்தனை பாவு இழைங்கிறது. நூறு, நூத்திருபது கவுண்ட் பாயைத்தான் ‘பட்டுப் பாய்’னு சொல்றது. என் மண்டையில இது உடனே ரெசல்யூஷனா பதிஞ்சுது. இழை அதிகமானா பிக்சல் அதிகம். பிக்சல் அதிகமானா எழுத்து சுத்தமா வரும். எழுத்து வர வேண்டிய இடத்துல சாயக் கோரை மேல தெரியணும், மத்த இடத்துல அடியில மறையணும். ஒவ்வொரு வரியிலயும் எந்த இழைக்கு மேல, எந்த இழைக்குக் கீழன்னு எண்ணிக்கிட்டே போகணும். ஒரு பேரை பிட்மேப்பா மாத்தி மனசுலயே ஓட்டறாங்க. ஸ்க்ரீன் இல்லாம, அன்டூ பட்டன் இல்லாம.

சாயம் முன்னாடி மரத்துல இருந்து வந்தது. சப்பங்கி மரக்கட்டையைக் கொதிக்க வெச்சா சிவப்பு வரும், எங்க வீட்டுப் பாயில இருக்கிற கருஞ்சிவப்பு அந்த வழியில வந்த நிறம். அப்புறம் ரசாயனச் சாயம் வந்தது. பச்சை, ஊதா, ஆரஞ்சு எல்லாம் அதோட வந்தது.

எழுத்தைப் பொருள்தான் தீர்மானிக்குது

இப்போ அந்தக் காணாமப் போன புள்ளிக்கு வர்றேன். நான் பாயோட போட்டோவை எடுத்துக்கிட்டு பத்தமடைக்குப் போனேன். ஒரு வீட்டுல, நாற்பது வருஷமா நெய்யற ஒரு அம்மாகிட்ட போனைக் காட்டினேன். அவங்க ரெண்டு விரலால பெருசாக்கிப் பார்த்தாங்க. புள்ளி இல்லாததைத் தப்புன்னு அவங்க சொல்லவே இல்லை.

“புள்ளின்னா ஒத்த இடத்துல நிக்கணும், தம்பி. கோரை அப்படி நிக்காது. நாலஞ்சு இழை தாண்டினாத்தான் கண்ணுக்குத் தெரியும். தாண்டிட்டா அது புள்ளியா இருக்காது, கோடா இருக்கும். பேர் கெட்டுப் போகும். அதான் விட்டிருக்காங்க.”

அதைக் கேட்டதும் எனக்கு ஓலைச்சுவடி ஞாபகம் வந்தது. ஓலையில எழுத்தாணியால எழுதினவங்களும் புள்ளி வைக்கிறதைத் தவிர்த்தாங்க, ஓலை பொத்துப் போகும்னு. படிக்கிறவங்க இடம் பார்த்து மெய்யெழுத்தா உயிர்மெய்யான்னு புரிஞ்சுக்கணும். அந்தக் காலத்துல குறில் எ, ஒ-வுக்கும் மேல புள்ளி உண்டு. புள்ளி விட்டுப் போனதால குறிலா நெடிலான்னு குழப்பம். அதைத் தீர்க்கத்தான் 18-ஆம் நூற்றாண்டுல வீரமாமுனிவர் ஏ, ஓ எழுத்துகளோட வடிவத்தை மாத்தினார். இன்னைக்கு நம்ம கீபோர்டுல இருக்கிற ஏ-வோட காலுக்கும் ‘கே’-யில வர்ற இரட்டைச் சுழிக்கும் பின்னாடி ஒரு பனையோலையோட பலவீனம் இருக்கு.

பனையோலை புள்ளியை ஏத்துக்கலை. கோரையும் ஏத்துக்கலை. எழுதறவங்களும் நெய்யறவங்களும் பொருளோட பேசி, எதை வைக்கலாம் எதை விடலாம்னு முடிவு எடுத்தாங்க. ஆச்சி சிரிச்ச அந்த ‘தப்பு’, ஒருத்தர் யோசிச்சு எடுத்த முடிவு.

ஒரே நார், ரெண்டு ரூம்

இப்போ கொஞ்சம் வெளிய போய்ட்டு வருவோம். 1962-ல சுவிட்சர்லாந்து லோசான் நகரத்துல நெசவுக் கலைக்குன்னே சர்வதேசக் கண்காட்சி ஒண்ணு ஆரம்பிச்சாங்க. அதுல போலந்துப் பெண் மக்தலேனா அபகனோவிச்சும் கலந்துக்கிட்டார். பின்னாடி அவர் பழைய கப்பல் கயித்தைப் பிரிச்சு, அந்த நாரை வெச்சு ஆள் உயரத்துக்கும் மேல தொங்கற உருவங்கள் செஞ்சார். சுவர்ல மாட்டற அலங்காரமா இருந்த நெசவு, சுத்தி நடந்து பார்க்கிற சிற்பம் ஆச்சு. ஜெர்மனியில யோசஃப் பாய்ஸ் 1970-ல ஃபெல்ட்ல ஒரு கோட்டு சூட்டு செஞ்சு, அதைக் கலைப்படைப்புன்னு சொன்னார்.

நம்ம நாட்டுலயும் நடந்தது. கே.ஜி. சுப்ரமணியன், பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்துல இருந்து வந்தவர். சென்னை பிரசிடென்சி காலேஜ்ல பொருளாதாரம் படிச்சார், சுதந்திரப் போராட்டத்துல ஜெயிலுக்குப் போனார், அப்புறம் சாந்திநிகேதன்ல ஓவியம் படிச்சார். கைத்தறி வாரியத்துல வடிவமைப்பு வேலை பார்த்தவர். பரோடாவுல அவர்கிட்ட படிச்சவங்கதான் மிருணாளினி முகர்ஜி. சணல் மாதிரியான முரட்டு நாரைச் சாயம் ஏத்தி, தறியே இல்லாம, முடிச்சு மேல முடிச்சா போட்டு பெரிய பெரிய உருவங்கள் செஞ்சாங்க. 1984-ல செஞ்ச ‘யக்ஷி’ மாதிரி. தெய்வமா, பூவா, உடம்பான்னு சொல்ல முடியாது. 2015-ல அவங்க இறந்தாங்க. 2019-ல நியூயார்க்ல மெட்ரோபாலிட்டன் மியூசியம் அவங்க படைப்புகளுக்குன்னு தனிக் கண்காட்சி வெச்சது.

நான் அவங்க வேலையைக் குறைச்சுச் சொல்லலை. அதைப் பார்த்தா பேச்சே வராது. நான் கவனிச்சது வேற. மியூசியத்துல ஒவ்வொரு படைப்புக்குப் பக்கத்துலயும் ஒரு சின்ன அட்டை இருக்கும். பேர், வருஷம், என்ன நார், எவ்வளவு உயரம். பத்தமடைப் பாய்க்கும் கைவினைக் கடையில அட்டை உண்டு. அதுல ஊர் பேர் இருக்கும், விலை இருக்கும். ஆள் பேர் இருக்காது. நார் ஒண்ணுதான், விரல் வலி ஒண்ணுதான், வைக்கிற ரூம் வேற.

ஒரு நியாயமான எதிர்க்கேள்வி வரும். முகர்ஜி புதுசா கண்டுபிடிச்சாங்க, பாய் நெய்யறவங்க பழைய டிசைனைத் திரும்பச் செய்யறாங்க, ரெண்டும் எப்படி ஒண்ணாகும்? ஒண்ணாகாதுதான். ஆனா ஒவ்வொரு கல்யாணப் பாயிலயும் அதுக்கு முன்னாடி நெய்யப்படாத ரெண்டு பேர் இருக்கு. அதை எந்த அளவுல, எங்க வளைச்சு, எந்தப் புள்ளியை விட்டுன்னு முடிவு பண்றது நகல் எடுக்கிற வேலை இல்லை. எங்க வீட்டுப் பாய் மாதிரி இன்னொண்ணு உலகத்துல கிடையாது.

ஊருக்குக் கிடைச்ச பேர்

பத்தமடைக்குப் பேரே கிடைக்கலைன்னு சொல்ல முடியாது. 1952-ல அகில இந்தியக் கைவினைப்பொருள் வாரியம் வந்தது, கமலாதேவி சட்டோபாத்யாய் அதை நடத்தினாங்க. இப்படிப்பட்ட வேலைகளுக்கு அரசாங்கக் கடை, கண்காட்சி, விருதுன்னு ஒரு வழி பிறந்தது. 1953-ல எலிசபெத் ராணி முடிசூட்டு விழாவுக்கு இங்க இருந்து பாய் போச்சுன்னு பத்தமடையில யாரைக் கேட்டாலும் பெருமையா சொல்லுவாங்க. கவனிங்க, அந்தக் கதையிலயும் ராணி பேர் இருக்கு, ஊர் பேர் இருக்கு.

அடுத்து புவிசார் குறியீடு. 1999-ல போட்ட சட்டம் 2003-ல நடைமுறைக்கு வந்தது. பத்தமடைப் பாய்க்கு 2012-13-ல குறியீடு கிடைச்சது. எங்க ஊர் எலுமிச்சைக்கு 2025-ல கிடைச்சது, அன்னைக்கு எங்க வாட்ஸ்அப் குரூப்ல ஒரே கொண்டாட்டம். நல்ல விஷயம்தான். வேற ஊர்ல மெஷின்ல செஞ்ச பாயைப் ‘பத்தமடை’ன்னு விக்கறதை எதிர்க்க ஒரு பிடி கிடைக்குது. கரூர், முசிறிப் பக்கம் காவிரிக் கரையில கோரையைப் பயிராவே போட்டு, விசைத்தறியில வேகமா பாய் அடிக்கறாங்க. அதுக்கும் கீழ விலையில பிளாஸ்டிக் பாய் இருக்கு. அதோட மோத வாரக் கணக்கில உட்கார்ந்து நெய்யற ஒருத்தருக்கு ஏதோ ஒரு கவசம் வேணும்.

ஆனா அந்தச் சட்டம் பேர் குடுக்கிறது இடத்துக்கு. எலுமிச்சைக்கு அது சரி. எலுமிச்சையை மண்ணும் மழையும் செய்யுது, விவசாயி வளர்க்கிறார். பாயை ஒரு ஆள் செய்யறார். அதுல ஊரை மட்டும் எழுதினா ஏதோ விட்டுப் போச்சு. நாங்க கோட் எழுதும்போது ஒவ்வொரு வரிக்கும் யார் எழுதினாங்கன்னு பதிவு இருக்கும். பத்து வருஷம் கழிச்சு ஒரு பக் வந்தாலும் தேடிப் போய், இதை எழுதினது இன்னார், இந்தத் தேதியிலன்னு கண்டுபிடிக்கலாம். தப்புக்கே பேர் வெச்சிருக்கோம். அறுபது வருஷம் நிறம் மங்காத ஒரு வேலைக்கு வைக்கலை.

இது வெறும் மரியாதைப் பிரச்சனை இல்லை, காசுப் பிரச்சனையும்கூட. பேர் தெரிஞ்ச கைக்குத்தான் தனி விலை கேட்க முடியும். பேர் தெரியாத கைக்கு, எத்தனை கவுண்ட்டா இருந்தாலும், கடைக்காரர் சொல்றதுதான் கூலி. அடுத்த தலைமுறைப் பெண்கள் படிச்சுட்டு டவுன் கடையில வேலைக்குப் போறதுக்கு அதுவும் ஒரு காரணம். அதுல நான் அவங்களைக் குறை சொல்ல மாட்டேன். நானும் அப்படித்தானே ஊரை விட்டு வந்தேன்.

மூணாவது பேர்

என் தங்கச்சிக்கு அடுத்த வருஷம் கல்யாணம். அந்த அம்மாகிட்டயே பாய் சொல்லலாம்னு நினைச்சேன். ரெண்டு பேரையும் பேப்பர்ல எழுதிக் குடுத்துட்டு, கொஞ்சம் தயங்கிக் கேட்டேன். “ஓரத்துல உங்க பேரையும் நெய்ய முடியுமா? கூலி சேர்த்துத் தர்றேன்.”

அவங்க சிரிச்ச சிரிப்புல உள்ள இருந்த மருமகள் எட்டிப் பார்த்தாங்க. “கல்யாணப் பாயில மூணாவது பேரா? மாப்பிள்ளை வீட்டுல என்ன நினைப்பாக?”

நான் அதை யோசிக்கவே இல்லை. எனக்கும் சிரிப்பு வந்துடுச்சு. என் தியரி எல்லாம் ஒரு கேள்வியில காலி. ஒரு படைப்புல கையெழுத்து போடறது எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி வேலை செய்யாது. கல்யாணப் பாய் ரெண்டு பேருக்கு உரியது. அதுல நுழையறதை அவங்களே விரும்பலை.

அப்போ வேற வழி கேட்டேன். பாயோட சேர்த்து ஒரு துணித் துண்டு, அதுல பேர், ஊர், எத்தனை கவுண்ட், எந்த மாசம் ஆரம்பிச்சு எந்த மாசம் முடிச்சாங்க. கொஞ்ச நேரம் ஒண்ணும் சொல்லலை. அப்புறம், “அது ஆகட்டும். ஆனா பாய் நல்லா வந்தா மட்டும் பேர் எழுதுங்க. சரியில்லாமப் போனா எழுதாதீங்க”ன்னாங்க.

எந்தக் கலைஞரும் அதைத்தான் சொல்லுவாங்கன்னு எனக்குத் தோணுச்சு.

ஒண்ணு மட்டும் கேட்டுக்கிட்டாங்க. இந்த எபிசோட்ல தன் பேர் வேண்டாம்னு. “யார் யாரோ போன் பண்ணுவாக, எனக்கு நெய்யவே நேரம் பத்தலை.” அதனால இங்கயும் அவங்க பேர் இல்லை. அது அவங்க எடுத்த முடிவு, அதை நான் மதிக்கறேன். ஆச்சி பாயை நெய்தவங்ககிட்ட யாரும் கேட்கவே இல்லைங்கிறதுக்கும் இதுக்கும் வித்தியாசம் இருக்கு.

உங்க வீட்டுப் பரண்லயும் ஏதாவது இருக்கலாம். பாய், பனையோலைப் பெட்டி, கொட்டான், விசிறி. இறக்கிப் பாருங்க. எந்த ஊர்ல வாங்கினது, யார் கை செஞ்சதுன்னு வீட்டுப் பெரியவங்ககிட்ட கேளுங்க. தெரிஞ்சா ஒரு துண்டுத் துணியில எழுதி அதோடயே கட்டி வைங்க. தெரியலைன்னா, அடுத்த தடவை வாங்கும்போதாவது கேட்டு எழுதிக்கோங்க. பொருள் நம்ம காலத்துக்கு அப்புறமும் இருக்கும்.

ஆச்சி பாயை நான் சென்னைக்குக் கொண்டு வரலை. அம்மா அதைத் தட்டி, வெயில்ல காட்டி, வேப்பிலை வெச்சு, அதே வேட்டியில சுத்தி மேல ஏத்திட்டாங்க. ஏத்தறதுக்கு முன்னாடி அந்தக் கடைசி எழுத்தை ஒரு தடவை தடவிப் பார்த்தேன். புள்ளி இருக்க வேண்டிய இடத்துல கோரை வழவழன்னு இருந்தது.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.